மாமியார் முணுமுணுக்காத காலை

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கால் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். "மேசை ஆடுது, மேல வச்ச டீ ஆடுது, அந்தக் காலைக் கொஞ்சம் கட்டிப் போடேன்" என்று கண்ட்ரோல் ரூமில் எல்லோரும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் பார்க்கிற வேலை நிம்மதியாக உட்காருகிற வேலையா? காரில் போனாலும் அரை நாள் பிடிக்கும் தூரத்தில், கண்ணுக்கே தெரியாத ஒரு மேட்டில், வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் மூச்சு, சூடு, முனகல் எல்லாம் மண்ணுக்கடியில் வரிசைக்கு ஒன்றாகப் போகும் கண்ணாடி இழைக் கம்பிகள் வழியாக என் திரைக்கு எண்களாக வந்து சேரும். இங்கிருந்தபடியே அவற்றை ஓட்டலாம், நிறுத்தலாம், முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பலாம். தொட மட்டும் முடியாது.

காற்றாலைகளுக்கு நம்பர்தான் உண்டு. ஆனால் நம்பரை வைத்துக்கொண்டு யாரால் திட்ட முடியும்? அதனால் பெயர் வைத்திருக்கிறோம். எழுப்பினாலும் சீக்கிரம் சுற்றத் தொடங்காதவன் கும்பகர்ணன். எப்போதும் ஒன்றாகவே பழுதாகும் இரண்டுக்கு இரட்டையர். அண்மையில் வண்ணம் பூசிய ஒன்று புதுப்பொண்ணு. மேற்குக் கோடியில் தனியாக நிற்பது மாமியார். எந்தக் காற்று வந்தாலும் முதலில் மாமியார் மேல்தான் படும். உடனே முணுமுணுக்கத் தொடங்குவாள். காற்று மாறுது, எண்ணெய் சுடுது, கதவு சரியில்லை என்று காலை முதல் மாலை வரை புகார்தான். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் அவள் நமக்கு முக்கியம். புதுப்பொண்ணு போன்ற நடு வரிசைக் காற்றாலையில் ஆள் ஏறியிருந்தால், ஒரு கண்ணை மாமியார் மேல் வைத்திருக்க வேண்டும். அவளுக்கு வீசுகிற காற்று சற்று நேரத்தில் மற்றவர்களுக்கும் வந்துவிடும். அது வலுத்து நொடிக்குப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டுவதற்குள் ஆளைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

அன்று காலை புதுப்பொண்ணின் உச்சிக்கு ஏறப் போனவள் என் தங்கச்சி.

எங்கள் வீட்டில் அவளுக்குச் சின்னது என்று பெயர். வயது இருபத்தாறு ஆகிறது, இன்னும் சின்னதுதான். இந்தக் கம்பெனியில் வேலை காலி இருக்கிறது என்று அவளைக் கூட்டி வந்தவள் நான். என்னைப் போல நாற்காலி வேலை பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் நேராகப் போய் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஏறுகிற வேலையில் சேர்ந்துவிட்டாள். எங்கள் அப்பா கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு நாங்கள் பரணில் இருந்து பெட்டி எடுக்க ஸ்டூல் மேல் ஏறினால்கூட அம்மா வந்து ஸ்டூலின் காலைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது? "உன் சின்னப் பொண்ணு முப்பது மாடி உயரத்துக்கு ஏணியில ஏறுறா" என்றா? மாமா வீட்டில் இருக்கும் அம்மா தினமும் போன் செய்து, "சின்னது எங்கடி?" என்பாள். "பக்கத்துச் சீட்டுல உட்கார்ந்திருக்காம்மா" என்பேன். பக்கத்துச் சீட்டு காலியாக இருக்கும். முந்தின நாள் அந்தச் சீட்டுக்கே நிஜமாக ஓர் ஆள் வேண்டும் என்று மேலாளர் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை, தங்கச்சி பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அவளிடம் கேட்கவில்லை. அதுதான் வினை.

ஏறுகிற ஆள் ஏறும் முன் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்ய வேண்டும், அது விதி. கோபுரத்தின் அடியில் ஒரு சாவி இருக்கிறது. அதை உள்ளூர்ப் பக்கம் திருப்பிவிட்டால் காற்றாலை அங்கிருப்பவர் கைக்குப் போய்விடும். நான் இங்கிருந்து என்ன அமுக்கினாலும் அது அசையாது. மேலே ஆள் இருக்கும்போது தூரத்திலிருந்து யாரும் தெரியாமல் ஓட்டிவிடக் கூடாதே, அதற்காக.

அன்று போன் வந்தபோது குரலிலேயே சூடு தெரிந்தது.

"புதுப்பொண்ணு அடியில இருந்து பேசறேன். ரெண்டு பேர் ஏறுறோம். நானும் ஒட்டடைக்குச்சியும்." ஒட்டடைக்குச்சி அவளுடைய ஜோடி மெக்கானிக். நெடுநெடுவென்று இருப்பான். "காத்து எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. மாமியார்கிட்ட ஏழரைதான் காட்டுது."

"சரி. அப்புறம் ஒண்ணு. மேலாளர் நேத்து சாயந்தரம் எனக்கு வாழ்த்து சொன்னார். எதுக்குன்னு கேட்டா, கண்ட்ரோல் ரூமுக்கு மாறி வர்றேனாம். எனக்கே தெரியாம!"

"ஏய், இந்த லைன்ல பேசறதெல்லாம் பதிவாகும்டி."

"ஆகட்டும்! நல்லா பதிவாகட்டும்! நான் என்ன உன் மிஷினா, உட்கார்ந்த இடத்துல இருந்து ஓட்டறதுக்கும் நிறுத்தறதுக்கும்? அம்மாகிட்ட நீ சொன்ன பொய்க்கு நான் வந்து சீட்டை நிரப்பணுமா?"

"உன் நல்லதுக்குத்தான்டி..."

"என் நல்லதை நான் பார்த்துக்கறேன். இன்னைக்கு ராத்திரிக்குள்ள அம்மாகிட்ட நீ சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா? யோசிச்சு வை. இப்ப சாவியைத் திருப்பறேன். இனிமே உன் கை இங்க நீளாது."

திரையில் புதுப்பொண்ணின் படம் மஞ்சளாகியது. உள்ளே ஆள் இருக்கிறது, நீ தொடாதே என்று பொருள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இவளைத் தூக்கி வளர்த்தவள் நான், என்னிடமே சாவியைத் திருப்புகிறாள்!

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் கூரைக் கதவை இரண்டு முறை திறந்து மூடுவாள். என் திரையில் 'கதவு திறந்தது, மூடியது' என்று இரண்டு முறை வரும். வந்துட்டேன்க்கா என்று அர்த்தம். அன்று கதவு ஒரே முறை திறந்தது, மூடவில்லை. கோபமாக இருக்கிறாளாம். இருக்கட்டும், வயிறு பசித்தால் கோபம் தானாக இறங்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கால் மட்டும் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னைக்கு ரூம் எவ்வளவு அமைதியா இருக்கு பாரு. உன் கால் சத்தம்தான் கேக்குது" என்றார் மேலாளர், தன் டீயை என் மேசையில் வைத்தபடி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சாந்தம். கத்தவே மாட்டார். நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். போன வாரம்தான் எங்கள் தலைவலி ஒன்றைத் தீர்த்து வைத்தார். கம்பியில் தகவல் ஒரு நொடி விட்டுப் போனாலும் திரை சாம்பல் நிறமாகி அலாரம் அலறும். மறு நொடி சரியாகிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் பதறி எழுவது? தகவல் விட்டுப் போனால் கடைசியாக வந்த எண்ணையே திரை பிடித்து வைத்திருக்கும்படி அவர் மாற்றினார். ரூமே கை தட்டியது. நானும்தான் தட்டினேன்.

அப்போது அம்மாவின் போன் வந்தது.

"சின்னது எங்கடி?"

"பக்கத்துலதான் இருக்கா" என்றேன். திரையில் மஞ்சள் புதுப்பொண்ணு. மேலே இறக்கைகள் மூன்றும் வந்து சேரும் இரும்புக் கூட்டுக்குள், நாங்கள் குடம் என்று சொல்லும் இடத்துக்குள், தலையை நுழைத்து அவள் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருப்பாள்.

"போனைக் குடேன்."

"வேலையா இருக்காம்மா."

"அப்படி என்ன பெரிய வேலை, அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து பொத்தானை அமுக்கறீங்க" என்று அம்மா தொடங்கினாள். மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது, எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துக்கொண்டே சொல்லாமல் இருந்தது, மாமா தொட்டியைப் பார்க்க மேலே ஏறியது, இந்த வயதில் ஏணியில் ஏறலாமா என்று இவள் கீழே நின்று கத்தியது. நான் 'ம்' கொட்டிக்கொண்டே மாமியாரைப் பார்த்தேன். ஏழு புள்ளி நாலு. அம்மா எதிர்வீட்டுக்காரியின் மருமகள் வரைக்கும் போனாள். ஏழு புள்ளி நாலு. மருமகளின் அக்காவுக்குப் போனாள். ஏழு புள்ளி நாலு.

என் கால் நின்றது.

அம்மா பேசி முடிக்கிற வரைக்கும் எந்தக் காற்றும் ஒரே மாதிரி வீசாது. காற்று என்றால் ஏழு, எட்டு, ஆறரை என்று துள்ளிக்கொண்டே இருக்கும். என் கால் மாதிரி. அதோடு, மாமியார் இவ்வளவு நேரம் ஒரு முணுமுணுப்புக்கூடச் செய்யவில்லை. ரூம் அமைதியாக இருக்கிறது என்று இவர் சந்தோஷப்பட்டாரே, அந்த அமைதி எங்கிருந்து வந்தது?

"அம்மா, அப்புறம் பேசறேன்."

"ஏன்டி, என்ன..."

வைத்துவிட்டேன். மாமியாருக்கு ஒரு கட்டளை அனுப்பினேன், முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி. 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. மாமியார் திரும்பவில்லை. இன்னொரு முறை அனுப்பினேன். ஊஹூம். மேற்கு வரிசை முழுவதையும் பார்த்தேன். எல்லா எண்களும் படத்தில் எழுதி வைத்தது போல அப்படியே இருந்தன. மேற்குக் கம்பி எப்போதோ செத்துவிட்டது. திரைக்கு மட்டும் அது தெரியவில்லை.

மேற்கே இருக்கும் மின் நிலையத்தின் வாட்ச்மேனுக்குப் போன் செய்தேன்.

"நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்மா!" என்று கத்தினார். பின்னால் ஏதோ தடதடவென்று அடித்துக்கொண்டது. "காலையில ரோட்டுல மிஷின் வச்சு தோண்டினாங்க, என்னத்தை அறுத்தாங்களோ! இங்க ஒரே புழுதி. தகரமெல்லாம் பறக்குது. மேற்க வானம் கறுத்துக்கிட்டு வருது. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லையே! ஏழு புள்ளி நாலு என்றுதானே காட்டுகிறது!

தங்கச்சிக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்தக் கூட்டுக்குள் எந்தப் போனும் எடுக்காது. ஒட்டடைக்குச்சியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கீழே வேனில் வைத்துவிட்டு ஏறியிருப்பான், பாவி. வயர்லெஸில் கூப்பிட்டேன். கரகரப்புகூட வரவில்லை. மேற்கே இருக்கும் வயர்லெஸ் கோபுரத்துக்கும் அறுந்த அதே கம்பி வழியாகத்தான் பேச்சு போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

வாட்ச்மேனை ஓடச் சொன்னாலும் அவருக்கு முன் காற்று போய்ச் சேர்ந்துவிடும். குடத்துக்குள் இருப்பவளுக்கு வானம் தெரியாது. மேலே காற்று வலுக்கும்போது ஆள் நுழைவதற்காக இறக்கைகளைப் பூட்டு போட்டு நிறுத்தி வைத்திருப்பது ஆபத்து. பூட்டு தாங்காமல் போனால் குடம் சுற்றத் தொடங்கும், அதற்குள் ஆள். இதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. புதுப்பொண்ணுக்கும் எனக்கும் நடுவில் இருந்த கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாவி? உன் கை இங்க நீளாது என்று சொல்லிவிட்டுத்தானே போனாள், படுபாவி.

"என்ன ஆச்சு?" என்று சாந்தம் எழுந்து வந்தார்.

சொன்னேன். சொல்லும்போதே கத்திவிட்டேன். அவர் முகம் வெளுத்தது.

"எவ்வளவு நேரம் பழைய எண்ணைப் பிடிச்சு வைக்கணும்னு செட்டிங்ல ஒரு கட்டம் இருந்துச்சு" என்றார். "அதை நான் நிரப்பலையோ..."

"அதை அப்புறம் பார்க்கலாம் சார்! அவளை எப்படி இறக்கறது?"

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் திரையைப் பார்த்தேன். புதுப்பொண்ணுக்குக் கிழக்கே கும்பகர்ணன் சுற்றிக்கொண்டிருந்தான். காலை வெயில் இன்னும் சாய்வாகத்தான் அடிக்கும். சின்னது ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், காலையில் கூரைக் கதவைத் திறந்து வைத்தால் கும்பகர்ணனின் இறக்கை நிழல் குடத்தின் வாய் வரைக்கும் வந்து வந்து போகும், தலை சுற்றும் என்று. கதவு திறந்துதான் இருக்கிறது. கோபத்தில் மூடாமல் விட்ட கதவு.

அவளைத் தொட முடியாது. அக்கம்பக்கத்தைத் தொடலாமே!

கும்பகர்ணனை நிறுத்தினேன்.

"என்ன பண்றே? நல்ல காத்துல ஓடறதை நிறுத்தினா மேலிடத்துல இருந்து கேப்பாங்க!" என்றார் சாந்தம்.

"கேக்கட்டும். ஒண்ணு நின்னா பழுதுன்னு நினைப்பா. மூணு நின்னா அக்கான்னு தெரிஞ்சுக்குவா."

இரட்டையரில் ஒருவரை நிறுத்தினேன். அடுத்ததற்கு என் விரல் தவறித் தவறி வேறெங்கோ போய் விழுந்தது. அப்போது பக்கத்துக் காலிச் சீட்டில் சாந்தம் உட்கார்ந்தார். அவரே கையை நீட்டி மூன்றாவதை நிறுத்தினார்.

திரையில் ஒன்றும் நடக்கவில்லை. புதுப்பொண்ணின் காற்று எண் மட்டும் துள்ளித் துள்ளி ஏறத் தொடங்கியது. எட்டு. ஏழரை. பத்து. இந்த எண் உயிருள்ள எண். அதுதான் பயமாக இருந்தது. "வெளிய பாருடி, தலையை நீட்டிப் பாருடி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொன்று.

'கூரைக் கதவு மூடியது.'

"பார்த்துட்டா!" என்று சாந்தம் கத்தினார். அவர் கத்தி நான் அன்றுதான் கேட்டேன்.

மூடிவிட்டு உடனே இறங்குவாள் என்று பார்த்தால், இல்லை. இறக்கைகளின் பூட்டை எடுக்காமல் வரமாட்டாளாம். பூட்டோடு விட்டால் மிஷினுக்கு ஆபத்து, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் மிஷின் எக்கேடு கெட்டால் எனக்கென்ன? "விட்டுட்டு வாடி பிடிவாதக்காரி" என்று திரையைத் திட்டினேன். பதிமூன்று. பன்னிரண்டு. பதினைந்து. 'பூட்டு விலகியது' என்று வந்தது. அப்பாடா என்பதற்குள் அடுத்த கவலை. இனி ஏணி. முப்பது மாடி ஏணி, கோபுரம் காற்றில் ஆட ஆட. ஏணியில் எண்கள் இல்லை. எந்தப் படியில் அவள் கால் இருக்கிறது என்று சொல்ல எந்தக் கம்பியும் இல்லை. நானும் சாந்தமும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினெட்டு. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை, இருந்தாலும் எதையெதையோ வேண்டிக்கொண்டேன். அப்பாவையும் கூப்பிட்டேன் போலிருக்கிறது. இருபத்தொன்று.

புதுப்பொண்ணு மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியது.

சாவி என் பக்கம் திரும்பியிருந்தது. அவள் அடியில் நிற்கிறாள். உடனே புதுப்பொண்ணின் இறக்கைகளைக் காற்று பிடிக்காதபடி திருப்பி வைக்கக் கட்டளை கொடுத்தேன். கேட்டது, பட்டென்று. கூடவே கீழ்க் கதவிலிருந்து வரிசையாகச் செய்தி வந்தது. திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது.

இரண்டு முறை. வந்துட்டேன்க்கா.

நான் அழுதேன். சாந்தம் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

வேனில் ஏறியதும் அவள் போன் செய்தாள். காற்றின் இரைச்சலில் பாதி வார்த்தை போய்விட்டது.

"மூணும் நீதானே?"

"ரெண்டு நான். ஒண்ணு சார்."

"நிழல் வந்து வந்து போயிட்டிருந்துச்சு, திடீர்னு நின்னுடுச்சு. கும்பகர்ணன் தூங்கிட்டான்னு நினைச்சேன். ஒட்டடைக்குச்சி சிரிச்சான். எதுக்கும் பார்ப்போமேன்னு தலையை நீட்டினா, கண்ணு முன்னாடி இன்னும் ரெண்டு நிக்குது. அப்பத்தான் மேற்க திரும்பினேன். அக்கா, வானம் கீழ வந்திருந்துச்சுக்கா."

"அந்தச் சீட்டுக்கு..." என்று நான் தொடங்கினேன்.

"வேற யாரையாவது போடச் சொல்லு" என்றாள். இப்போது கோபமே இல்லை. "நானும் வந்து உன் பக்கத்துல உட்கார்ந்துட்டா, மேல இருக்கறவளுக்காக யாருக்கா இப்படிக் காலை ஆட்டுவா? நாலு போல்ட் பாக்கி இருக்கு. காத்து அடங்கினதும் மறுபடி ஏறணும். நீ டியூட்டியில இருக்கற அன்னைக்குத்தான் ஏறுவேன்."

பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன். இவளைக் கீழே இழுத்துப் போட நான் பிடித்து வைத்த சீட்டு. பக்கத்தில் சாந்தத்தின் டீ ஆறிப்போயிருந்தது.

"அம்மா விஷயம்?" என்றாள்.

"நான் சொல்றேன்" என்றேன்.

வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் வைத்த மறு நொடி அம்மாவின் போன். பேச்சைப் பாதியில் வெட்டிய கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

"அப்படி என்னடி தலை போற அவசரம்? போனைச் சின்னதுகிட்ட குடு. பக்கத்துலதானே இருக்கா?"

"இல்லம்மா" என்றேன். "பக்கத்துல இல்ல. இப்பத்தான் கீழ இறங்கினா."

"கீழயா? உங்க ஆபீசுக்கு மாடி இருக்கா? எங்கேருந்துடி இறங்கினா?"

என் கால் மறுபடி ஆடத் தொடங்கியது. சாந்தத்தின் டீயும் கூடவே ஆடியது.

"அம்மா, நீ முதல்ல உட்காரு" என்றேன். "ஸ்டூல்ல இல்ல. தரையில உட்காரு."